ரசமட்டம் அடுக்கிய பிஸ்கட்

ரசமட்டத்துக்குக் கை நிதானம், வாய் அவசரம். இரண்டும் ஒரே உடம்பில் இருந்ததுதான் கோளாறு.

அவர் டைல்ஸ் பதிக்கிறவர். பதித்த கல் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடும் ரசமட்டம் என்று ஒரு கருவி உண்டு. அதில் உள்ளங்கை அளவு ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட அதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்திருக்கிறார். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டியது. அவர் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தத் தரையும் சொன்ன தேதியில் முடிந்ததில்லை. "நாளைக்கு முடிஞ்சிரும்" என்பார். அந்த நாளைக்குள் சில சமயம் ஒரு மழைக்காலமே அடங்கிவிடும்.

அவருடைய சொந்த வீட்டுக் குளியலறை ஆறு வருடமாக வெறும் சிமெண்ட். கல் இல்லாமல் இல்லை. வெளிர்நீலத்தில் பதினான்கு பெட்டிக் கல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் எங்கேயாவது ஒரு முக்கால் அங்குலத் துண்டு வந்து தொலைக்கிறது, அதுதான் சிக்கல். இடது மூலையில் ஆரம்பித்தால் கதவுக்குப் பின்னால் வரும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் குழாயைக் குறுக்கே வெட்டும். அரைக்கல் தள்ளினால் ஜன்னல் ஓரத்தில் பல்லிளிக்கும். முக்கால் அங்குலத் துண்டு வைக்கிறவன் தொழில்காரனே இல்லை என்பது ரசமட்டத்தின் கட்சி. ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆறு வருடமும் அவருடைய மனைவி சிமெண்டில் உள்ளங்கால் தேயக் குளித்துக்கொண்டிருக்கிறாள்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ஊசி குத்துகிறவள். அதனால் யாரிடமும் குரல் உயர்த்த வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

வியாழக்கிழமை அவளோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அடுப்பு வைக்காமல் காபி, பிஸ்கட், கிரீம் மூன்றையும் அடுக்கடுக்காகக் குளிர வைத்து அவள் செய்யும் இனிப்பை எடுத்து வைத்தாள். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஊசி குத்துகிற கையில் இப்படி ஒரு பக்குவமா என்று ஒருத்தி கேட்டாள். ரசமட்டம் அந்தப் பக்கமாகப் போனவர் பேசாமல் போயிருக்கலாம்.

"இதுல என்ன இருக்கு? பிஸ்கட்ட காபில முக்கி வரிசையா வெச்சு மேல கிரீம் பூசுறது. நான் தினம் செய்யற வேலை. என்ன, என்னோடது திங்க முடியாது, அவ்வளவுதான். இதுக்குப் போய் ஒரு நாள் முழுக்க சமையலறைய அடைச்சுக்கிட்டு..."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப சனிக்கிழமை நீங்க செய்யுங்க. இவங்களும் வருவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேசையில இருக்கணும்."

"இருக்கும்."

"ஆறு மணின்னா ஆறு. இருந்துச்சுன்னா குளியலறையப் பத்தி இனிமே மூச்சு விடமாட்டேன், நீங்களே உங்க இஷ்டப்படி போடுங்க. இல்லன்னா திங்கட்கிழமை மின்னல் வந்து அளவு எடுப்பாரு. அவர்கிட்ட பேசிட்டேன்."

 மின்னல் என்கிறவன் இன்னொரு டைல்ஸ்காரன். ஒரு குளியலறையை இரண்டே நாளில் முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவான். மூன்றாம் வருடம் கல் பெயரும் என்று ரசமட்டம் ஊரெல்லாம் சொல்லிவந்தார். ஐந்தாவது வருடமும் பெயராததால் இப்போது ஏழாம் வருடம் என்று சொல்லிவருகிறார். தன் வீட்டுக் குளியலறையில் அந்தப் பயல் குந்தி உட்கார்ந்து கல் வைக்கிறதா? அதற்குப் பிறகு தொழில்காரர்கள் கூடுகிற பக்கம் தலைகாட்ட முடியுமா?

"சாட்சிக்கு அப்பா இருக்கார்" என்றாள் மனைவி.

மாமனார் ஜன்னலோர நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினார். முப்பத்தோரு வருடம் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனைக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே பல்லும் முடியும் போனவர். ஓய்வு பெற்ற பிறகும் கைக்கடிகாரத்தையும் நோட்டையும் விடவில்லை. பால்காரர் வருவதைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நான்கு பாக்கெட் நீளப் பிஸ்கட், காபித்தூள், கிரீம், டின் பால், மேலே தூவக் கோகோ பவுடர், ஒரு கண்ணாடித் தட்டு.

"அடுக்கி முடிச்சு நாலு மணி நேரமாவது ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். அப்பதான் இறுகும். அதனால ரெண்டு மணிக்கு உள்ள போயிடணும். அப்புறம் பிஸ்கட்ட காபில எவ்வளவு நேரம்னா..."

"அம்மா தாயே, ஊறப் போடுறத எனக்கே சொல்லித் தர்றியா? இருபத்திரண்டு வருஷமா ஊறப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"எட்டு நாப்பத்தஞ்சு" என்று மாமனார் எழுதினார்.

ரசமட்டம் முதலில் தட்டை அளந்தார். பிறகு ஒரு பிஸ்கட்டை அளந்தார். பிறகு பிரித்த பாக்கெட்டில் இருந்த எல்லாப் பிஸ்கட்டையும் அளந்து, அரை நூல் கூடுதலாக இருந்த மூன்றைத் தனியே ஒதுக்கினார். ஒதுக்கியது மாமனாருக்குப் போயிற்று. காபி படாமல் வெறுமனே தட்டில் அடுக்கிப் பார்த்தார். நீளவாக்கில் நான்கு முழுப் பிஸ்கட். ஓரத்தில் மிச்சம் முக்கால் அங்குலம்.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் அங்குலம் குளியலறையை விட்டு சமையலறைக்கே அவரைத் தேடி வந்துவிட்டது.

குறுக்குவாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மாற்றி வைத்துப் பார்த்தார். மூலைவாக்கில் வைத்தார், அது இன்னும் கேவலம். காகிதத்தில் கட்டம் போட்டார். கூட்டினார், கழித்தார்.

"மாப்பிள்ளை, பத்து அம்பது" என்றார் மாமனார். "இன்னும் வண்டிக்குச் சக்கரமே மாட்டல."

"அடித்தளம் சரியா இருந்தாதான் மாமா மேல நிக்கும்."

"நிக்கறது இருக்கட்டும். முதல்ல கிளம்பட்டும்."

கடைசியில் முக்கால் அங்குலத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் நடுவில் இடைவெளியாக விடுவது என்று முடிவானது. இடைவெளி சமமாக இருக்கத் தீக்குச்சிகளைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார். மனதில் ஒரு நிம்மதி வந்தது. விசில்கூட அடித்தார்.

காபியைத் திக்காகப் போட்டு ஆற வைத்தார். அன்றைக்கு வைக்கிற கல்லை எல்லாம் ஒரே தடவையில் ஊறப் போடுவதுதான் அவர் வழக்கம். ஒன்று ஒன்றாக நனைத்துக்கொண்டிருப்பது கற்றுக்குட்டி வேலை. சுவர்க்கல் தண்ணீருக்குள் போனதும் பொத்துப்பொத்தென்று குமிழி விடும். குமிழி நின்றால்தான் கல் குடித்து முடித்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் எடுத்தால் கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பிடிக்காமல் போகும். இதெல்லாம் அவர் ரத்தத்தில் ஊறிய பாடம்.

பெரிய அலுமினியப் பாத்திரத்தில் காபியை ஊற்றி, நான்கு பாக்கெட்டையும் உள்ளே இறக்கினார். பிஸ்கட்டுகள் குமிழி விட்டன. ரசமட்டம் தலையாட்டிக்கொண்டார். தட்டுப் போட்டு மூடிவிட்டு கிரீம் பக்கம் போனார்.

கிரீம் அவருக்குக் கைவந்த கலையாக இருந்தது. கலவையைக் குழைக்கத் தெரிந்தவனுக்குக் குழைவு சொல்லித் தர வேண்டாம். டின் பாலைச் சேர்த்து, கம்பிக் கரண்டியால் ஒரே திசையில் அடித்தார். நடுவில் கரண்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை. கலவையில்கூட இப்படி ஒரு பதம் அமைவது அபூர்வம். உறை பிரிக்காத புதுக் கரணை ஒன்று, கலவையில் வரி இழுக்கப் பல் வெட்டியது, அவரிடம் இருந்தது. அதை மூன்று தடவை வெந்நீரில் கழுவித் தயாராக வைத்தார். கிரீமில் வரி இழுத்தால் பிஸ்கட் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

பன்னிரண்டு மணிக்குப் பாத்திரத்தைத் திறந்தார். குமிழி நின்றிருந்தது. பிஸ்கட்டும் நின்றிருந்தது, அதாவது இல்லை. பாத்திரம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு சேறு. அவர் விரலை விட்டுத் துழாவினார். ஒரு மூலைகூடக் கையில் அகப்படவில்லை.

மாமனார் எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"பல்லில்லாதவனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

"மாமா, இது கெட்டுப்போச்சு."

"எனக்குக் கெடல" என்று பாத்திரத்தோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். போகிற போக்கில் சொன்னார்: "உள்ள விட்டு ரெண்டு எண்ணி வெளிய எடுத்திரணும். அவ அப்படித்தான் செய்வா."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இருபத்திரண்டு வருஷம்னு சொன்னீங்களே. நான் யாரு குறுக்க பேச?"

ரசமட்டம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். முதல் கடையில் அந்தப் பிஸ்கட் இல்லை. இரண்டாவது கடையில் வட்டப் பிஸ்கட் இருந்தது. வட்டத்தை அடுக்கினால் நடுவில் விழும் ஓட்டைகளை நினைத்ததுமே அவருக்கு உடம்பு கூசியது. மூன்றாவது கடைக்காரர் மூட்டைக்கு அடியிலிருந்து நான்கு பாக்கெட்டைத் தேடி எடுத்தார்.

"இதான் இருக்கு. அடியில கிடந்து நசுங்கிருச்சு. உள்ள உடைஞ்சிருக்கும், பாத்துக்குங்க."

மூலை ஒரு நெல்லளவு உடைந்த கல்லைக்கூட லாரியோடு திருப்பி அனுப்புகிறவர் அவர். அந்த நான்கு பாக்கெட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பிரித்து மேசையில் கொட்டினால், முழுசாகப் பதினொன்று தேறியது. மற்றதெல்லாம் உடைசல். அவர் உட்கார்ந்து உடைந்த துண்டுகளுக்கு ஜோடி தேட ஆரம்பித்தார். இந்த விளிம்பு இதனோடு சேருமா, அந்த மூலை எங்கே போயிற்று என்று கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். ஆறு பிஸ்கட் அப்படிப் பொருந்தி முடிந்தபோது மாமனார் நோட்டை மூடினார். அவர் நோட்டை மூடுவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

"மாப்பிள்ளை, ரெண்டு பத்து. டிப்போவுல ஒரு டிரைவர் இருந்தான். கண்ணாடிய துடைப்பான், சீட்ட துடைப்பான், சக்கரத்தக்கூட துடைப்பான். வண்டி பளபளன்னு நிக்கும். ஜனங்க நடந்து ஊர் போய்ச் சேர்ந்துருவாங்க."

 ஈரச் சிமெண்டில் கால் மடக்கி உட்கார்ந்து சீட்டியடிக்கும் மின்னல் ரசமட்டத்தின் கண்ணில் வந்து போனான். ஒரு உடைசலை எடுத்தார். காபியில் விட்டார். ஒன்று, இரண்டு. எடுத்துத் தட்டில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு உடைசல். சந்தில் ஒரு சில்லு. ஓரத்து முக்கால் அங்குலத்தில் கைக்கு வந்ததைப் போட்டுத் திணித்தார். தீக்குச்சிகள் தொடப்படாமல் கிடந்தன. அவருக்குக் காது சூடேறியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

அதன் மேல் கிரீம், கரணையால் வரி. மறுபடி உடைசல், மறுபடி கிரீம். மூன்று அடுக்கு. கடைசிப் பூச்சை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தட்டையான பட்டையால் ஒரே இழுப்பில் இழுத்தார். கோகோ பவுடரைச் சல்லடையில் தட்டினார். ரசமட்டத்தை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது.

"ரெண்டு அம்பத்தஞ்சு. உள்ள போயிருச்சு" என்று மாமனார் எழுதினார். "நாலு மணி நேரம் கூட்டினா ஆறு அம்பத்தஞ்சு. ஆறு மணிக்கு எப்படி?"

"ஃப்ரீசர்ல வெச்சிருங்களேன், சீக்கிரம் இறுகும்" என்று அவரே தொடர்ந்தார்.

"அவசரப்படுத்தி காய வெச்சா வெடிக்கும் மாமா. எந்தப் பூச்சா இருந்தாலும்."

வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற அட்டை ஒன்று அவர் பையில் இருந்தது. "ஈரத்தரை, மிதிக்காதீர்." அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். மாமனார் அதை மதித்தார், மிதிக்கவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்து, "இன்னும் ஆடுது" என்று மட்டும் குறித்துக்கொண்டார். இது ரசமட்டத்துக்குத் தெரியாது. அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு வாசலில் சத்தம். மனைவி, கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் கையில் அளவு நாடாவோடு மின்னல்.

"நீ திங்கட்கிழமைதானே?" என்றார் ரசமட்டம்.

"இந்தப் பக்கம் ஒரு வேலை, சீக்கிரம் முடிஞ்சிருச்சு அண்ணே. போற வழியில அளந்துட்டுப் போயிரலாமேன்னு." மின்னல் சிரித்தான். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து நிற்கிற சாதி.

"ஆறு மணி வரைக்கும் இருங்க தம்பி" என்றாள் மனைவி. "அளக்கணுமா வேண்டாமான்னு அப்ப தெரிஞ்சிரும்."

ரசமட்டம் தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மின்னல் குனிந்து கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான்.

"லெவல் பிரமாதம் அண்ணே. ஒரு நூல் ஏத்த இறக்கம் இல்ல."

தொழில்காரன் வாயிலிருந்து வந்த வார்த்தை. ரசமட்டத்துக்கு நெஞ்சு விம்மியது. அந்த நேரம் பார்த்து ஒருத்தி மேசையில் கைப்பையை வைத்தாள். தட்டின் நடுப்பகுதி மெல்ல அலை அடித்தது. அவர் மட்டும்தான் பார்த்தார்.

மனைவி கத்தியை எடுத்தாள். "அஞ்சு அம்பத்தொன்பது" என்றார் மாமனார்.

"இரு" என்றார் ரசமட்டம். "நடுவுல இன்னும் பிடிக்கல. இப்ப வெட்டினா சரிஞ்சிரும். ஒரு மணி நேரம் குடு. ஒரே ஒரு மணி நேரம். முடிஞ்சிரும்."

 மனைவி கத்தியைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. ரத்தம் வராத நரம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மின்னல் அளவு நாடாவை ஒரு முழம் இழுத்தான், விட்டான். அது சர்ரென்று உள்ளே போனது.

அந்தச் சத்தம்தான் காரணம். ரசமட்டம் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் காயாத பூச்சின் மேல் அவர் ஒரு விரல் வைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார்.

முதல் துண்டு தட்டுக்கு வந்தது. ஒரு நொடி துண்டாகவே நின்றது. பிறகு களைத்துப்போன ஆள் நாற்காலியில் சாய்வது போல மெதுவாகச் சாய்ந்து படுத்தது. கிரீம் ஒரு பக்கம் வழிந்தது. உள்ளே இருந்த உடைசல் எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று.

"அண்ணே" என்றான் மின்னல் மெல்ல. "உள்ள பூரா உடைசல் கல்லா?"

ரசமட்டம் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையில அதான் இருந்துச்சு."

"நீங்களா?"

"நான்தான்."

 மின்னல் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான்.  பிறகு மேசையில் அளவு நாடாவை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெண்கள் கிண்ணங்களை நீட்டினார்கள். துண்டு போட முடியாததால் கரண்டியால் அள்ளி அள்ளிப் போட வேண்டியிருந்தது. கத்தியைத் தூரப் போட்டார்கள். ஒருத்தி இரண்டாம் தரம் கேட்டாள். மாமனார் பாத்திரத்துச் சேற்றை மத்தியானமே காலி செய்தவர், இப்போது புதிதாக வந்தவர் போல வரிசையில் நின்றார்.

மனைவி கடைசியாகச் சாப்பிட்டாள். மூன்று கரண்டி.

"அப்பா, எத்தனை மணிக்கு மேசைக்கு வந்துச்சு?"

"அஞ்சு அம்பத்திரண்டு. வெட்டினது ஆறு."

"மின்னல் தம்பி, அளக்க வேண்டாம்."

"சரிங்க அண்ணி" என்றான் மின்னல். "அந்த ஓரத்துல கொஞ்சம் இருக்கு பாருங்க, அத இந்தப் பக்கம் தள்ளுங்க."

வந்தவர்கள் போக ஏழு மணி ஆயிற்று. ஃப்ரிட்ஜில் வைத்த மிச்சம் அப்போதுதான் நன்றாக இறுகியிருந்தது. ரசமட்டம் கதவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடினார். வயிற்றெரிச்சல்.

மனைவி கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த முக்கால் அங்குலம் கதவுக்குப் பின்னாடி வந்தா என்ன?"

"மூச்சு விடமாட்டேன்னு சொன்ன."

"அது ஆறு மணிக்கு முன்னாடி. கதவுக்குப் பின்னாடி வந்தா என்ன?"

"குளிக்கும்போது கதவ மூடுவோம். அப்ப தெரியும்."

"குளிக்கும்போது கண்ல சோப்பு இருக்கும்."

ரசமட்டம் வாயைத் திறந்தார். ஆறு வருடமாகக் குழாயை யோசித்திருக்கிறார், ஜன்னலை யோசித்திருக்கிறார். சோப்பை யோசிக்கவில்லை. திறந்த வாயை மூடினார். அவர் வாயை அவராக மூடியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய் ஒரு பெட்டியை இழுத்தார். ஆறு வருடத் தூசி மூக்கில் ஏறித் தும்மினார். பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, வெளிர்நீலக் கல்லை எல்லாம் இறக்கினார். பொத்துப்பொத்தென்று குமிழி கிளம்பியது. மாமனார் கிண்ணத்தை வழித்தபடி வந்து நின்றார்.

"எத்தனைக்கு மாப்பிள்ளை உள்ள போட்டது?"

"ஏழே கால்."

நோட்டில் ஏறியது. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். "எடுங்க."

"இது கல்லு. குமிழி நிக்கணும்."

"எப்ப நிக்கும்?"

"நாளைக்..." என்று ஆரம்பித்தவர், மாமனார் பேனாவைத் தூக்குவதைப் பார்த்தார். "அரை மணி நேரம்" என்றார்.